உதகையில் உருவான படச்சுருள்

1950ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலே ஃபிரெடரிக் ஸிவ் என்பவர் ‘சிஸ்கோ கிட்’ என்னும் குதிரைவீரன் கதையைத் தொலைக்காட்சிக்கென்று தயாரிக்க முற்பட்டபோது, ஜனங்களின் வீடுகளிலிருந்த பெட்டிகள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டும் என்பதை நன்கறிந்திருந்தும், அதை வர்ணச் சுருளிலேயே எடுத்து வைத்தார். பெரிய ஒளிபரப்பு ஸ்தாபனங்களின் தயவை நாடாமல் ஊர்தோறும் உள்ள நிலையங்களுக்கு நேரே விற்றுவந்த அவருக்கு, சுருளில் பதிந்த கதை மறுபடி மறுபடி விலைபோகும் சரக்கு. 156 பாகங்கள் அவ்வாறு உருவாயின. வர்ணப் பெட்டிகள் பரவிய காலத்தில் அவை பழசாகத் தோன்றவில்லை.

நமது தேசத்திலோ சுருளுக்கே பஞ்சம். கச்சா பிலிம் முழுவதும் அந்நியச் செலாவணி கொடுத்துத் தருவிக்கப்பட்டு, படமெடுப்போர் பர்மிட்டுக்காகக் காத்துக்கிடந்த அந்நாளில், மத்திய சர்க்கார் 1960ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை உதகமண்டலத்தில் ஸ்தாபித்தது. தொழில்நுணுக்கம் அளித்தது பிரான்சின் பௌஷே நிறுவனம். தூசிதான் பிலிமுக்குப் பரம சத்துரு. ஆகையால் வெள்ளைக்காரர் கோடைவாசத்துக்கு நாடிய அதே குளிர்ந்த, மாசற்ற மலைக்காற்றை இத்தொழிற்சாலையும் நாடிற்று.

வெள்ளியை அமிலத்தில் கரைத்துப் பெற்ற உப்பை ஜெலட்டினோடு சேர்த்துக் காய்ச்சிய பால்நிறக் குழம்பை, கண்ணாடிபோல் தெளிந்த நீண்ட பட்டையின்மேல் மயிரிழையினும் மெல்லிதாகப் பூசி, உலர்த்தி, அளவாகக் கிழித்து, ஓரங்களில் துளையிட்டு டப்பியில் அடைப்பதுவரை எல்லாம் இருட்டிலும், பிலிமுக்கு ஊறு செய்யாத மங்கிய விளக்கொளியிலும் நடந்தாக வேண்டும். வாசலில் மலைவெயில் காய, பகல் முழுதும் உள்ளே இரவிலேயே உழைத்த அத்தொழிலாளர்களின் திறமையைச் சினிமா ரசிகர்கள் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்!

1967ல் ‘இந்து’ என்ற முத்திரையோடு உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பும் இந்து நகராயிற்று. ஆனால் வந்தது கறுப்பு வெள்ளைச் சுருள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வர்ணத்தில் வெளியிட்டு அப்போது பதினோரு வருஷமாகியிருந்தது. திட்டமிட்டவர்களை முற்றிலும் குறைகூறுவதற்கில்லை. 1960ல் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். இருந்தும், இல்லாத வர்ணப் பெட்டிக்காக வர்ணத்தில் எடுத்த அந்த வியாபாரியின் முன்யோசனையில் ஓர் அம்சமேனும் இங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றாமலில்லை. பிற்பாடு வர்ண பிலிமைப் பெருஞ்சுருள்களாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, இங்கே கிழித்துத் துளையிட்டு விற்கும் நிலை ஏற்பட்டது.

கம்பெனிக்குக் கைகொடுத்தது ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே பிலிம். அதிலும் வெளிநாட்டுச் சரக்கின் போட்டி முற்றி, கடன் ஏறி, 1996ல் அது நலிவுற்ற நிறுவனமென்று அறிவிக்கப்பட்டது.