ஆழ்துளையில் விழுந்ததை எடுத்தல்

உரும்பிராயில் தோட்டக் கிணற்றினுள் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக்கரண்டியைக் கயிற்றிற் கட்டி இறக்குவர். வாளி சிக்கியதைக் கை உணரும். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் விழுந்த பொருளை எடுப்பதும் இவ்வகையினதே. அத்தொழிலில் ஈடுபடுவோர் இதனை 'மீன்பிடித்தல்' என்றும் விழுந்த பொருளை 'மீன்' என்றும் அழைக்கின்றனர், பொருத்தமான பெயர்தான்.

2011இல் மன்னார்ப் படுகையில் கெயின் லங்கா நிறுவனம் எரிவாயு கண்ட டொராடோ கிணறு, 1300 மீற்றருக்கும் அதிகமான கடல்நீரின் கீழ்த் துளையிடப்பட்டது. இத்தகைய ஆழத்தில் எட்டிப் பார்க்க வழியில்லை. ஆகவே அடிப்புறம் ஈயத்தாலான கட்டியொன்றை இறக்கி, விழுந்த பொருளின்மேல் அழுத்தி அதன் அச்சை எடுப்பர். முறிந்த குழாயெனின் வெளிப்புறத்தைக் கவ்வும் கருவியோ, உட்புகுந்து பற்றும் கருவியோ செல்லும். சிறு இரும்புத் துண்டுகளுக்குக் காந்தமும் கூடையும் போதும். இவற்றுக்கு மசியாததை அரைவைக் கருவியால் அரைத்து, துளையிடும் சேற்றுத் திரவத்துடன் மேலே கொணர்வர். அதுவும் கைகூடாவிடின் அப்பகுதியைச் சீமெந்தால் அடைத்துப் பக்கவாட்டில் புதுத் துளை இடவேண்டியதுதான். கப்பல் வாடகையோ நாட்கணக்கில் ஏறும்.

மன்னாரில் மீண்டும் துளையிடப்படுமாயின், அக்கடலை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மீனவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மேலே வரும் இரும்புத் துகளும் சேறும் எங்கே செல்லும்? உரும்பிராயின் அயலிலுள்ள சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019இல்தான் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது.