கரையா, அணையா? கல்லணைப் பழுதுபார்ப்புகளும் காவிரி மணலும்

கல்லணையைப் பற்றி ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1874-இல் சொன்னதை மேற்கோள் காட்டாத பாசன வரலாற்று நூல் தமிழில் அரிது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டுநர்களிடமே கற்றதாகவும், அந்தப் பாடத்தைக் கொண்டே பாலங்களையும் அணைகளையும் நீர்ப்பாலங்களையும் கட்டியதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். நன்றியுள்ள சொல்தான். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு குறைவாசிப்பும் ஒளிந்திருக்கிறது. காட்டன் கல்லணையை அடித்தளமாகப் படித்தார். வெள்ளத்தையும் மணலையும் பங்கிடும் அமைப்பாகப் படிக்கவில்லை. ஆற்றின் குறுக்கே எதைப் பழுதுபார்த்தாலும் 'தூண் நிற்குமா?' என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். 'மணல் எங்கே போகும்?' என்பதைக் கேட்காத இந்த வழக்கத்தின் வேர் அந்த வாசிப்பில் இருக்கிறது.

முதலில் இடம். திருவரங்கத் தீவின் இருபுறமும் பிரிந்து ஓடிய காவிரியும் கொள்ளிடமும் தீவின் கீழ்முனையில் மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரி நீர், இரண்டையும் இணைக்கும் உள்ளாறு வழியே அதற்குள் சரிந்துவிடும். பழைய கல்லணை நின்றது இந்த உள்ளாற்று வாயில்தான், காவிரியின் குறுக்கே அல்ல. காவிரி, வெண்ணாற்றுத் தலைப்புகளில் இன்று நாம் காணும் மதகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது, ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்குப் பாம்பாக வளைந்து கிடந்த, களிமண்ணில் பதித்த முரட்டுக் கல் திரட்டு மட்டுமே. மிகைவெள்ளம் அதன் தலைமேல் வழிந்து கொள்ளிடம் போகும். உடைப்பெடுத்த கரையை அடைத்த கல்வேலை என்று இதைச் சொன்னால் பொருந்தும். அப்படியானால் கல்லணையே ஒரு பழுதுபார்ப்பு. காட்டன் இதை அறியாதவரல்லர்; இதிலிருந்து பெறவேண்டிய பாடத்தைத்தான் அவர் பெறவில்லை.

இந்த வாசிப்புக்குச் சாசனத்தில் இடம் உண்டா? கடப்பைப் பகுதியில் கிடைத்த மாலேபாட்டுச் செப்பேடுகளை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். இவற்றை வெளியிட்டவன் ரேநாட்டுச் சோழன் புண்ணியகுமாரன். எழுத்தமைதி கொண்டு சிலர் ஏழாம் நூற்றாண்டு என்பர், சிலர் எட்டு என்பர். அந்த வழக்கை இங்கே தீர்க்க முயலவில்லை. கல்லணையைக் கட்டியவனாக மரபு சொல்லும் சோழன் கரிகாலனின் காவிரிப் பணி முதன்முதலில் இச்செப்பேட்டில்தான் பேசப்படுகிறது என்பதை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எடுத்துக்காட்டினார். சான்று வடமொழித் தொடர் ஒன்றில் மூன்று சொற்களாக இருக்கிறது. 'வேலா' என்றால் கரை, எல்லை. 'உல்லங்கனம்' என்றால் தாண்டுதல். 'பிரசமனம்' என்றால் தணித்தல். காவிரி கரை தாண்டுவதைத் தணித்தவன் என்பது திரண்ட பொருள். அணையைக் குறிக்கும் 'சேது' அங்கே இல்லை. கட்டுதலைக் குறிக்கும் வினையும் இல்லை.

கரை வேறு, அணை வேறு. ஆகவே இது கல்லணைக்குச் சான்றாகாது என்று இத்தொடரை ஒதுக்குவது எளிது. கல்லணையைக் காவிரியின் குறுக்கே நின்ற அணையாகக் கொண்டால் அந்த மறுப்பு செல்லும். உள்ளாற்று வாயின் கரையடைப்பாகக் கொண்டால் செல்லாது. கரை தாண்டுவதைத் தடுக்காமல் தணிப்பதுதான் வழியவிடும் கல் திரட்டின் வேலை. 'பிரசமனம்' என்ற சொல் அந்த வேலைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கரையைத்தான் பேசுகின்றன. வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டோ அரசர்கள் கூடையில் மண் சுமந்ததைச் சொல்கிறது. கல்லைப் பற்றிய பேச்சே இல்லை. மாலேபாட்டுத் தொடர் கல்லணையைச் சுட்டுகிறது என்று நிறுவ என்னால் இயலாது. சுட்டவில்லை என்று நிறுவவும் இதுவரை யாராலும் இயலவில்லை. கல் திரட்டின் காலமும் அதே நிலையில்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்றுகள் திடப்படுகின்றன. 1804-இல் ஆய்வுக்கு வந்த கேப்டன் கால்டுவெல், பெரும்பகுதி நீர் கொள்ளிடம் போவதைக் கண்டு அணையின் தலையை 27 அங்குலம் உயர்த்தச் செய்தார். தலை உயர்ந்தால் அதன் பின்னே வண்டலும் உயரும். அதை வெளியேற்ற மேஜர் சிம் அடிமதகுகளை முன்மொழிந்தார். 1830-இல் அவை அமைந்தன. 1836-இல் காட்டன், இரு ஆறுகளும் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியதும் நிலைமை தலைகீழானது. தூர்ந்துகொண்டிருந்த காவிரி இப்போது அரிக்கத் தொடங்கியது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பில் படுகைமட்டத் தடுப்பு ஒன்றையும் போட வேண்டியதாயிற்று. மேலணை அசையாமல் நின்றது, ஆறுதான் இடம் மாறியது. அடித்தளப் பாடம் தேறியது, மணல் பாடம் தோற்றது.

இடையே 1839-இல் கல்லணையின் மேல் பாலம் எழுந்தது. 32 அடி அகலத்தில் முப்பது வளைவுகள், அதாவது 960 அடி நீர்வழி. அணையின் நீளம் 1,080 அடி என்ற அளவோடு ஒப்பிட்டால், வழியும் பாதையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு தூண்களுக்கும் ஓரச்சுவர்களுக்கும் போயிருக்கிறது. இரண்டு அளவுகளும் ஒரே எல்லையிலிருந்து எடுக்கப்பட்டவையா என்பதில் ஐயம் உண்டு. கணக்கைத் தோராயமாகவே கொள்க. ஆனால் திசை தெளிவு: போக்குவரத்துக்காகச் செய்த சேர்ப்பு வெள்ளத்தின் வாயைக் குறுக்கியது.

நம் காலத்திலும் கதை தொடர்ந்தது: 22 ஆகஸ்ட் 2018 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் சரிந்தன. மணல்மூட்டையும் பாறையும் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். பிறகு புதிய கதவணை எழுந்தது. சட்டமும் மணலின் வழியைப் பார்க்கவில்லை. 2020-இல் காவிரி டெல்டா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. அந்தச் சட்டத்தின் பட்டியலில் தஞ்சாவூர் இருக்கிறது, திருச்சிராப்பள்ளி மாவட்டம் இல்லை. டெல்டாவுக்கு நீரும் மணலும் பிரியும் முக்கொம்பு காப்புக்கு வெளியே நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையிலும் பழைய பாலத்தைப் பழுதுபார்ப்பதற்கெனத் தனி இனம் கிடையாது. கட்டடத்தின் வலிமையைச் சோதிப்பதோடு, வேலைக்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் படுகைமட்டத்தை அளந்து ஒப்பிடுவதே இத்தகைய பழுதுபார்ப்புக்குரிய மதிப்பீடாக இருக்க முடியும்.

அந்த அளவீடு மலையிலிருந்தே தொடங்க வேண்டும். 1934 முதல் மேட்டூர் அணை மேலிருந்து வரும் வண்டலைத் தடுத்து வைத்திருக்கிறது. அதற்குக் கீழே காவிரிக்குப் புதுமணல் தருபவை துணையாறுகள். ஆலத்தூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளில் பெய்யும் மழையின் ஒரு பகுதி ஐயாறாகவும் கரைபோட்டான் ஆறாகவும் இறங்குகிறது. இரண்டாவது பெயர் ஆங்கிலப் பதிவுகள் சிலவற்றில் 'கரிபோட்டான்' என்ற வடிவிலும் காணப்படுகிறது. கரை போட்ட கரிகாலனை அதில் தேட ஆசை எழும். காலம் குறிக்க முடியாத ஊர்வழக்குப் பெயரை மாலேபாட்டுச் செப்பேட்டோடு முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். அந்த ஆறு கொண்டுவரும் மணலை அளப்பதற்குப் பெயரின் பொருள் தெளிய வேண்டியதில்லை.