இடம் மாறிய கிண்ணம்

பழைய மகிந்திரா ஜீப்பில் டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கும். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பிலிருந்து அப்படியே வந்த ஏற்பாடு. இரும்புத் தகட்டுப் பெட்டி, உறிஞ்ச ஒரு குழாய், அளவு காட்ட ஒரு மிதவை. அதற்கு மேல் டேங்குக்கு வேலை இல்லை. இழுப்பது எஞ்சினில் இருக்கும் பம்பின் பாடு.

இண்டூரிலிருந்து பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும்போது வண்டி வளைவில் சாய்கிறது. டேங்கில் கால்வாசிதான் இருக்கிறதென்றால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கும். குழாய் காற்றைக் குடிக்கும். ஆனாலும் எஞ்சின் நிற்காது. கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் தேங்கியதைக் குடித்தபடி வளைவைக் கடந்துவிடும். டேங்கின் குறைகளை இத்தனை வருஷம் மறைத்தது அந்தக் கிண்ணம்தான்.

1985-இல் மாருதி ஜிப்ஸி வந்தபோதும் கார்புரேட்டர்தான். 2000-இல் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் வந்தது. கிண்ணம் போயிற்று. இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் விடாமல் வேண்டும். நடுவில் காற்றுக் குமிழி வந்தால் எஞ்சின் அங்கேயே இருமும். பழைய பம்ப் தந்ததோ இதில் பத்தில் ஒரு பங்குதான்.

நம் பக்கம் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலும் டீசல் என்பதால் இந்தத் தலைவலி குறைவு. பழைய பெட்ரோல் வண்டியை இன்ஜெக்ஷனுக்கு மாற்றுகிறவர்கள் மட்டும் டேங்கில் கைவைத்தே ஆக வேண்டும். மேலே வட்டமாக வெட்டி, பம்பை உள்ளே இறக்கி, அதைச் சுற்றி ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். எஞ்சின் குடித்தது போக மிச்சம் ரிட்டர்ன் பைப் வழியே அதிலேயே வந்து விழும். வளைவில் டேங்க் சாய்ந்தாலும் கிண்ணம் காலியாகாது. எஞ்சினில் இருந்தது டேங்குக்குக் குடிவந்துவிட்டது, அவ்வளவுதான்.

டேங்கை வெட்டும்போதுதான் உயிருக்கு ஆபத்து. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் பொல்லாதது; ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பலமுறை கழுவினாலும் மடிப்புகளில் பெட்ரோல் ஒளிந்திருக்கும். அதனால்தான் வெட்டு, வெல்டிங் வேலைக்கு முன் தண்ணீர் நிரப்புவார்கள். 'நாலு தடவை கழுவியாச்சு, போதும்' என்பவரிடம் டேங்கைக் கொடுக்கவே கூடாது என்பேன்.

அடுத்த எதிரி துரு. கார்புரேட்டர் ஓரளவு பொறுத்துக்கொண்ட தூள், இன்ஜெக்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டியதுதான். பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் பம்புக்குச் சூடு தணியும்.

பழைய டேங்க் வாய் திறந்ததில்லை. பம்ப் இறங்கிய டேங்க், சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி 'ங்ங்' என்று முனகும். எஞ்சின் ஓடவில்லையென்றால் பேசாமல் அடங்கிவிடும்.