ஏழைக் குயவன் வனைந்த கிண்ணம்

ஜப்பானில், கியோத்தோ நகரத்துத் தைத்தோக்குஜி என்னும் பழம்பெரும் பௌத்த மடத்தில் கோஹோஆன் என்றொரு சிறு கோயில் உண்டு. அக்கோயிலுக்குரிய மண் கிண்ணம் ஒன்று பெட்டிக்குள் பெட்டியாகப் பொதிந்து காக்கப்படுகின்றது. வாயகலம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். நிறம் மங்கிய மஞ்சள். ஓவியம் இல்லை, பூவேலை இல்லை. மெருகுப் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அடியில் அப்பூச்சே திரண்டு கொப்புளங்களாய் நிற்கிறது. சந்தைக் கடையில் கிடந்தால் எவரும் திரும்பியும் பாரார். ஆயினும் ஜப்பான் இதனைத் தன் தேசியச் செல்வங்களுள் ஒன்றாகப் போற்றுகிறது.

இதன் பெயர் கிஸாயெமோன் ஈதோ. கிஸாயெமோன் என்பவர் இதனை உடைமையாக வைத்திருந்த ஒசாக்கா வணிகர், செய்தவர் அல்லர். செய்தவன் 16ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் வாழ்ந்த யாரோ ஒரு குயவன். அவன் பெயரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

இத்தகைய எளிய கலத்தில் எழிலைக் காணும் கண் ஜப்பானியருக்கு ஒரே நாளில் வாய்த்ததன்று. முன்னாளில் பிரபுக்களின் தேநீர் அவைகளில் மாசு மறுவற்ற சீனக் கலங்களுக்கே மதிப்பு இருந்தது. அம்மதிப்பை மாற்றியவருள் தலையாயவர் சென் நோ ரிக்கியு. சக்காய்த் துறைமுகத்து வணிகர் குடியில் 1522இல் பிறந்தவர். 1582ஆம் ஆண்டளவில் அவர் அமைத்ததாகக் கொள்ளப்படும் தேநீர் அறையொன்று யமசாக்கியில் இன்றும் உளது. இரண்டே பாய் விரிக்கும் இடம், மண்சுவர், சிறு சாளரம். வாயிலோ, படைத்தலைவனாயினும் குனிந்து முழந்தாளிட்டே நுழையவேண்டிய அளவு. வாளை வெளியே வைத்துவிட வேண்டும். சக்கரமின்றிக் கையாலேயே கருங்கிண்ணங்கள் வனைந்த சோஜிரோ, ரிக்கியுவின் கருத்துக்கு வடிவம் தந்தவன் எனலாம்.

ரிக்கியுவின் தலைவன் தொயோதோமி ஹிதெயோஷி. தாழ்ந்த குடியில் பிறந்து ஜப்பான் முழுவதையும் அடக்கி ஆண்டவன் அவன். 1586இல் சுவரெல்லாம் பொன் தகடு போர்த்த தேநீர் அறையொன்றைச் செய்வித்து, அரண்மனையில் பேரரசருக்குக் காட்டினான். மண்ணறை அமைத்த ஆசானும் பொன்னறை அமைத்த அரசனும் ஒருவரையொருவர் விடாதிருந்தது வியப்பே. 1591இல் அத்தொடர்பு அறுந்தது. வயிறு கிழித்துக்கொண்டு மாளுமாறு ரிக்கியுவுக்கு ஆணை பிறந்தது. தைத்தோக்குஜி மடத்து வாயில்மேல் அவருடைய சிலை நின்றது ஒரு குற்றம். தேநீர்க் கலங்களைக் கொள்ளை விலைக்கு விற்றார் என்பது மற்றொன்று. உண்மைக் காரணம் எதுவென்று வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடுகின்றனர். ஆயினும் இரண்டாம் குற்றச்சாட்டு நின்று நோக்கத்தக்கது. எளிமைக்கு விலை ஏறிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கொரியக் கிண்ணத்தின் விலையும் அவ்வாறே ஏறிற்று. பிற்காலத்தில் அதனை வாங்கிய மத்சுதைரா ஃபுமாய் என்னும் சிற்றரசர் 550 பொற்காசு கொடுத்தார் என்பர். பின்னர் அது கோயிலை அடைந்தது. 1931இல் யானகி சோயெட்சு என்னும் அறிஞர் அதனைக் காணும் பேறு பெற்றார். அவர் கண்டது ஏழைகள் நாள்தோறும் சோறுண்ட கிண்ணத்தை! வனைந்தவன் அழகை நாடி வனையவில்லை. ஒரு நாளைக்குப் பல கலம் செய்தாக வேண்டும். கை பழகிய வேகத்தில் மண் எழுந்தது. சூளை விட்ட குறையை அவன் திருத்தவுமில்லை. அந்தக் கவலையின்மையிலேதான் அழகு பிறந்தது என்பது யானகியின் துணிபு. அது சோற்றுக் கிண்ணமன்று, சடங்குக் கலமாகலாம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். எதுவாயினும், தேநீருக்கென அது வனையப்படவில்லை.

யானகி கலத்தைப் போற்றியதோடு நில்லாமல் அதனைச் செய்த மக்களையும் நினைத்தவர். ஜப்பானிய ஆட்சி கொரியாவை நசுக்கிய காலத்தில் சியோல் நகரத்துப் பழைய அரண்மனை வாயிலை இடிக்க முற்பட்டபோது, 1922இல் எதிர்த்து எழுதினார். 1924இல் அந்நகரிலேயே கொரிய நாட்டுக் கலைக்கு ஒரு காட்சிச்சாலை கண்டார். அவருக்கு முன்னூறாண்டு முற்பட்ட பிரபுக்களோ கொரியக் கலத்தை விரும்பிய வகையே வேறு.

ரிக்கியு மாண்ட மறு ஆண்டு, 1592இல், ஹிதெயோஷியின் படை கொரியாவில் இறங்கிற்று. 1598 வரை அந்நாடு எரிந்தது. திரும்பிய தளபதிகள் பொருளோடு குயவர்களையும் பிடித்து வந்தனர். சத்சுமா, ஹாகி, அரித்தா எனப் பின்னாளில் உலகப் புகழ் எய்திய ஜப்பானியக் கலங்களின் தொடக்கம் இவர்கள் கையில் இருக்கிறது. 1598இல் நம்வொன் ஊரிலிருந்து சத்சுமாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிம் டாங்கில் என்பவரின் வழியினர் இன்றும் அங்கே சக்கரம் சுழற்றுகின்றனர்.

அந்த முதல் தலைமுறைக் குயவர், கொரியாவிலிருந்து வந்த மண்ணையும் மெருகையும் கொண்டு சில கிண்ணங்கள் வனைந்தனர். அவற்றை ஜப்பானியர் 'ஹிபாகாரி' என்கின்றனர். மண் கொரிய மண். மெருகு கொரிய மெருகு. வனைந்த கையும் கொரியக் கை. ஜப்பான் தந்தது சூளையின் நெருப்பு ஒன்றுதான். அச்சொல்லின் பொருளும் அதுவே: 'நெருப்பு மட்டும்'.