ஹெட்போன் டிரைவர் மாற்றம்

ஒரு ஹெட்போனின் கூடு, ஹெட்பேண்ட், இயர்பேட் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவரை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஹெட்போன் டிரைவர் மாற்றம் எனப்படும். கெட்டுப்போன டிரைவருக்குப் பதிலாக அதே வகையைப் போட்டால் அது பழுதுபார்ப்பு. ஒலி மாறவேண்டும் என்பதற்காகவே வேறு வகையைப் போடுவது மேம்பாடு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. மாற்றும் வேலை பல ஹெட்போன்களில் எளிது. மாற்றிய பிறகு ஒலி எவ்வளவு மாறியிருக்கிறது, அதற்குப் புதிய டிரைவர்தான் காரணமா என்று தீர்மானிப்பதே கடினம். மேம்படுத்தியவர்களின் அனுபவக் குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணமும் இதுதான்.

டிரைவரின் அமைப்பு

இன்று பெருவழக்கில் உள்ளது டைனமிக் டிரைவர். பெர்லினில் யூகன் பேயர் 1937இல் வெளியிட்ட டிடி 48 இவ்வகையின் முன்னோடி. மெல்லிய சவ்வு ஒன்றின் பின்புறம் நுண்ணிய கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். நிலைக்காந்தம் ஒன்றின் குறுகிய இடைவெளிக்குள் அந்தச் சுருள் தொங்கும். சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கேற்ப சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அழுத்தும். சவ்வு பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம். சோனி 1989இல் வெளியிட்ட எம்டிஆர்-ஆர்10இல் பாக்டீரியாக்களைக் கொண்டு வளர்த்த செல்லுலோஸ் சவ்வு இருந்தது. போக்கல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட யுடோப்பியாவில் பெரிலியம் சவ்வு இருக்கிறது. சவ்வு எவ்வளவு இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கிறதோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்வரை அது வளைந்து நெளியாமல் ஒரே தகடாக அசையும்.

தனியாக விற்கும் டிரைவர்களின் விளம்பரங்களில் 40 மி.மீ., 50 மி.மீ. என்ற விட்டமும் ‘டைட்டானியம் பூச்சு’, ‘பெரிலியம் பூச்சு’ போன்ற சொற்களும் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒலியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவை இவைதான். டிரைவரின் ஒத்ததிர்வு அதிர்வெண், பின்புறத் துளைகளை மூடியிருக்கும் காகிதம் அல்லது துணியின் அடர்த்தி, இடது வலது டிரைவர்களுக்கு இடையிலான பொருத்தம் ஆகியவை எந்தப் பூச்சையும்விட முக்கியமானவை. பெரும்பாலான விற்பனைக் குறிப்புகளில் இவை இருப்பதே இல்லை.

கூட்டுக்குள் நடப்பது

டிரைவரைக் கையில் பிடித்து ஓடவிட்டால் பேஸ் அறவே இல்லாத கீச்சொலிதான் கேட்கும். சவ்வின் முன்புறமும் பின்புறமும் எழும் அழுத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுவதே காரணம். அதே டிரைவரை, அதைத் தாங்கும் தட்டில் பொருத்தி, இயர்பேடால் காதைச் சுற்றி மூடியதும் பேஸ் வந்துவிடும். கீழ்க்கட்டை ஒலி, இயர்பேடுக்கும் தலைக்கும் இடையே காற்று கசிகிறதா என்பதைப் பொறுத்தது. மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் சிறு இடுக்கு, மூடிய ஹெட்போனில் பேஸைப் பல டெசிபல் குறைத்துவிடும். மூடிய கூட்டின் உள்ளே இருக்கும் காற்று ஒரு சுருள்வில். இடம் சிறிதானால் வில் விறைப்பாகும், டிரைவரின் ஒத்ததிர்வு மேலே ஏறும், நடு பேஸ் புடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய கூட்டுக்கென வடிவமைத்த டிரைவரைச் சிறிய கூட்டில் போட்டவர்கள் “பேஸ் அதிகம், ஆனால் ஆழமில்லை” என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே டிரைவருக்கென்று தனியாக ஓர் ஒலி கிடையாது. டிரைவர், தட்டு, பின்புறக் காற்றிடம், துளைகளில் ஒட்டிய காகிதம், இயர்பேட், கேட்பவரின் காது மடல் ஆகிய எல்லாம் சேர்ந்ததே ஒலி. நல்ல பெயரெடுத்த டிரைவரை வேறொரு கூட்டில் போட்டுவிட்டு அந்தப் பெயரையும் சேர்த்து எதிர்பார்ப்பது ஏமாற்றத்திலேயே முடியும்.

சென்ஹைசர் 580, 600, 650

டிரைவர் மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஜெர்மன் நிறுவனமான சென்ஹைசரின் இந்தக் குடும்பத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எச்டி 580 1993இல் வந்தது. நிறுவனத்தின் 50ஆம் ஆண்டையொட்டி 1995இல் ஜூபிலி பதிப்பும், 1997இல் எச்டி 600, 2003இல் எச்டி 650 ஆகியவையும் தொடர்ந்தன. எல்லாமே திறந்த கூடு கொண்டவை. எல்லாவற்றின் இம்பிடன்சும் (மின் எதிர்ப்பும்) 300 ஓம். பத்தாண்டு இடைவெளியில் வந்த மாடல்களாக இருந்தும் டிரைவர், இயர்பேட், கேபிள் ஆகியவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொருந்தும். பழைய 580 வைத்திருப்பவர் 650இன் டிரைவர்களை உதிரிப்பாகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் உருவானது.

இதில் சால்டரிங்கே தேவையில்லை. கேபிளின் நுனியில் தடிமன் வேறுபட்ட இரண்டு ஊசிகள் இருக்கும். மாற்றிச் செருக முடியாதபடி அமைந்தவை. அவை நேரே டிரைவர் பாகத்தின் துளைகளுக்குள் போய் அமரும். எனவே முதலில் கேபிளை உருவவேண்டும். அதைச் செய்யாமல் டிரைவரை நெம்பினால் துளையின் பிளாஸ்டிக் விளிம்பு விண்டுபோகும். பிறகு இயர்பேடை விரலால் சுற்றிலும் இழுத்துக் கழற்றி, உள்ளே இருக்கும் வட்டமான ஸ்பாஞ்சை எடுத்தால் டிரைவர் கண்ணில் படும். இந்தத் தருணத்தில் விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பது நல்லது. இயர்பேடின் ஓரமாக நுழைந்த ஒற்றைத் தலைமுடி சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட, கீழ்க்கட்டையில் கரகரவென்று ஓர் இரைச்சல் கேட்கும். டிரைவர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கப் புறப்பட்டவருக்கு இடுக்கியால் ஒரு முடியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதுண்டு.

580க்கும் 600க்கும் இடையே டிரைவர் வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. 600இல் வெளிப்புறத்தில் உலோக வலை வந்தது, கட்டுமானம் உறுதியானது. 650இல் சவ்வுக்கு முன்னுள்ள துணி மாறியது. இடது வலது டிரைவர்களை இன்னும் நெருக்கமாகப் பொருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அளந்து பார்த்தால் 600ஐவிட 650இல் மேல் பேஸ் சற்றுத் தூக்கலாகவும், 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டம் சற்றுத் தணிவாகவும் இருக்கும். எல்லாம் ஓரிரு டெசிபல் கணக்குதான். ஆனால் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. பாடகரின் குரல் 600இல் ஓரடி முன்னால் நிற்பதாகவும், 650இல் பின்னணியோடு சேர்ந்து வெதுவெதுப்பாக ஒலிப்பதாகவும் கேட்பவர்கள் சொல்வது இந்தச் சிறு சாய்வைத்தான். வயலின் தனியாக வாசிக்கும்போது வில் கம்பியில் உரசும் ஒலி 600இல் தெளிவாக எழும். 650 அதைக் கொஞ்சம் மெழுகிவிடும். எது மேல் என்பது பதிவைப் பொறுத்தது. கூர்மையாகப் பதிவான பழைய ஆல்பங்களுக்கு 650 இதமானது.

இந்த ஒப்பீட்டைக் குழப்புவது இயர்பேட். வருடக்கணக்கில் தலையில் அழுந்திய வெல்வெட் பேட் தட்டையாகிக் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரத்தைக் குறைத்திருக்கும். பழைய 580இல் புதிய டிரைவரோடு புதிய பேடையும் போட்டுவிட்டு, வந்த மாற்றம் முழுவதையும் டிரைவரின் கணக்கில் எழுதுவது மிகப் பரவலான பிழை. பேடை மட்டும் முதலில் மாற்றிச் சில நாள் கேட்பதே முறை. பலருக்கு அதோடு தேடல் முடிந்துவிடும், செலவும் மிச்சம்.

பிற குடும்பங்கள்

ஹைல்பிரானில் இயங்கும் பேயர்டைனமிக் தன் டிடி வரிசை ஹெட்போன்களின் பாகங்களைத் தனித்தனியே விற்கிறது. டிடி 880 மாடலே 32, 250, 600 ஓம் என மூன்று இம்பிடன்சில் வந்தது. ஓம் கூடக்கூடச் சுருளின் கம்பி மெல்லியதாகும். இங்கே டிரைவரை மாற்றச் சால்டரிங் வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் தயாராகும் கிராடோ ஹெட்போன்களில் கூடு பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், ஹேர் டிரையரால் சூடாக்கிப் பசையை இளக்கித்தான் திறக்கிறார்கள். டிரைவர் மட்டுமே உள்ள சிறிய கூடு என்பதால் கிராடோ, கூட்டையும் சேர்த்துப் பரிசோதிப்பவர்களின் விருப்பத் தளமாகிவிட்டது.

பொருத்தும்போது

டிரைவரை எப்போதும் ஜோடியாகவே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று விட்டால் ஒரே மாடலாக இருந்தாலும் ஒலி நடுவில் நிற்காது. சால்டரிங் இரும்பை முனையில் ஓரிரு விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பத்தில் முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகினால், அதிலிருந்து சுருளுக்குப் போகும் தலைமுடியினும் மெல்லிய கம்பி அறுந்துபோகும். அறுந்தால் ஒட்டவைப்பது மிகக் கடினம். மேசையில் இரும்புத்தூள் இருந்தால் காந்தம் அதை இழுத்து இடைவெளிக்குள் சேர்த்துக்கொள்ளும்; திருகாணிகளையும் தள்ளி வைப்பது நல்லது.

இரு பக்கத்து வயர்களும் ஒரே முறையில் இணைந்திருக்கின்றனவா என்பதை மோனோ பதிவு ஒன்றைப் போட்டுச் சோதிக்கலாம். ஒரு பக்கம் தலைகீழாக இணைந்திருந்தால் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிக் கரைந்து பரவும். இது தெரியாமல் “ஒலிமேடை விரிந்துவிட்டது” என்று மகிழ்பவர்களும் உண்டு. கடைசியாக 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் தொனியை மிதமான ஒலியளவில் ஓடவிட்டால், சவ்வு எதிலாவது உரசுகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒலியை ஒப்பிடுதல்

இரண்டு ஒலிகளில் சற்று உரத்ததே தெளிவாகவும் செறிவாகவும் தோன்றும். உரப்பு குறையும்போது பேஸும் ட்ரெபிளும் காதுக்கு அதிகமாக மங்குகின்றன என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே காட்டிவிட்டார்கள். டிரைவர் மாறும்போது உரப்பு மாறுவது கிட்டத்தட்ட உறுதி. 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று இரண்டு டிரைவர்களில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 32 ஓம், மற்றது 300 ஓம். அந்த மில்லிவாட்டைப் பெற முதலாவதுக்குச் சுமார் 0.18 வோல்ட் போதும், இரண்டாவதுக்குச் சுமார் 0.55 வோல்ட் வேண்டும். வால்யூம் குமிழைத் தொடாமலே ஒப்பிட்டால் 32 ஓம் டிரைவர் ஏறத்தாழ 10 டெசிபல் உரக்கக் கேட்கும். இந்த நிலையில் எழுதப்படும் எந்த ஒப்பீட்டுக் குறிப்புக்கும் மதிப்பில்லை. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, இரண்டையும் அரை டெசிபலுக்குள் சமன்செய்த பிறகே கேட்கத் தொடங்கவேண்டும்.

ஆம்ப்ளிஃபயரின் பங்கும் இதில் உண்டு. 300 ஓம் என்று எழுதியிருக்கும் எச்டி 600, பேஸ் ஒத்ததிர்வுப் பகுதியில் 500 ஓமைத் தாண்டிப் போகும். வெளியீட்டில் 120 ஓம் தடை உள்ள பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால், அந்தப் பகுதி மட்டும் சுமார் 1 டெசிபல் மேலே எழும். 600க்கும் 650க்கும் இடையே டிரைவர் தரும் வேறுபாடே அந்த அளவுதான். ஆகையால் இரண்டு டிரைவர்களையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், முடிந்தால் வெளியீட்டுத் தடை ஓரிரு ஓம் மட்டும் உள்ளதில், கேட்பது அவசியம்.

கழற்றி மாட்டுவதற்குள் பழைய ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும் என்பது இன்னொரு சிக்கல். நுணுக்கமான ஒலி நினைவு சில விநாடிகளே நிலைக்கும். இதைச் சமாளிக்க அனுபவசாலிகள் கையாளும் உத்தி நேர்த்தியானது: ஒரே ஹெட்போனில் இடப்பக்கம் பழைய டிரைவரையும் வலப்பக்கம் புதியதையும் தற்காலிகமாகப் பொருத்தி, மோனோவாக இசையை ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையே மாறி மாறிக் கேட்பது. மனிதரின் இரு காதுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், ஹெட்போனை இடம்வலமாகத் திருப்பிப் போட்டு மறுபடியும் கேட்கவேண்டும். இரு முறையும் ஒரே டிரைவரில் ஒரே மாற்றம் கேட்டால் அது டிரைவருடையது. டிரைவர் இடம் மாறியும் அதே காதிலேயே கேட்டால் அது கேட்பவருடையது. கூடு, எடை, தொடுவுணர்வு எல்லாம் ஒன்றே என்பதால் எது எது என்று தெரியாமலும் கேட்கலாம். இன்னொருவர் மாட்டிவிட்டால் போதும். இரண்டு வெவ்வேறு ஹெட்போன்களை ஒப்பிடும்போது கிடைக்காத வசதி இது.

கருவியால் அளப்பதாயின் காதுக் கால்வாயின் காற்றுக்கொள்ளளவைப் போலியாக்கும் கப்ளரும் செயற்கைக் காதுமடலும் தேவை. ஹெட்போனை ஒருமுறை வைத்து எடுத்த அளவை நம்ப முடியாது. பலமுறை எடுத்து வைத்துச் சராசரி காணவேண்டும். ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சில மி.மீ. நகர்ந்தாலே வளைவு மாறிவிடும். வளைவு நல்லதா என்று முடிவுசெய்ய, ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஹார்மன் நிறுவனத்தில் கேட்போர் சோதனைகளின் வழியே உருவாக்கிய இலக்கு வளைவு இப்போது பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலோர் விரும்பும் சராசரியை அது காட்டுகிறது. சராசரியை எல்லாருக்குமான சட்டமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

புதிய டிரைவரைப் பல நூறு மணிநேரம் ஓடவிட்டால்தான் ‘பழகும்’ என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. அளவீடுகளில் தெரியும் மாற்றம் மிகச் சிறியது. அத்தனை மணிநேரத்தில் பேட் தலைக்கேற்ப அமுங்குகிறது, கேட்பவரின் செவியும் புதிய ஒலிக்கு இணங்குகிறது. இவ்விரண்டுமே அனுபவத்தை விளக்கப் போதுமானவை.

ஈக்வலைசரால் செய்யக்கூடியது

அதிர்வெண்வாரியாக டிரைவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதியை இன்று இலவச ஈக்வலைசர் மென்பொருளே சரிசெய்துவிடும். 600இன் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை ஓரிரு டெசிபல் இறக்கி, மேல் பேஸை ஒரு டெசிபல் ஏற்றினால் 650இன் சுபாவத்துக்கு மிக அருகில் போய்விடலாம். எனவே தொனிச் சாய்வு மட்டுமே குறை என்றால் முதலில் இதைச் செய்து பார்ப்பதே சிக்கனம். ஆழ்ந்த பேஸில் சவ்வு எட்டக்கூடிய தூரத்தின் எல்லையையும், அந்த எல்லையை நெருங்கும்போது பெருகும் திரிபையும் ஈக்வலைசர் தொட முடியாது; ஏற்றினால் திரிபுதான் கூடும். சவ்வு உரசுவதையோ ஒரு பக்கம் வயதாகித் தளர்ந்துவிட்டதையோ அது சீராக்காது. டிரைவரை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இவையே.