உஸ்மானியா புகட்டும் பாடம்

ஆங்கிலத்தின் துணையின்றி உயர்கல்வி நடைபெறுமா என்னும் ஐயம் நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. நடைபெறும் என்று ஐதராபாத் ஒருமுறை செய்து காட்டியது. அம்முயற்சி ஏன் நிலைபெறவில்லை என்பதையும் அந்நகரமே நமக்கு உணர்த்துகிறது.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தோன்றிய பல்கலைக் கழகங்கள் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாகக் கொண்டன. ஐதராபாத் சமஸ்தானமோ வேறு வழியை நாடியது. அக்பர் ஹைதரியின் யோசனையை ஏற்று, நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1918-இல் உஸ்மானியா பல்கலைக் கழகத்தை நிறுவினார். உருது பயிற்று மொழியாயிற்று. ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருந்தது.

வகுப்புகள் 1919-இல் தொடங்கின. ஆனால் மொழிபெயர்ப்புத் துறை 1917-லேயே அமைந்துவிட்டது என்பது கருதத்தக்கது. மௌல்வி அப்துல் ஹக் அதனை நடத்தினார். மொழிப் புலவரும் துறை வல்லுநரும் கூடியமர்ந்து கலைச்சொற்களை ஆக்கினர். வரலாறும் கணிதமும் மட்டுமன்றி, மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் கற்பிக்கப்பட்டன. நூல் முன்னே, ஆணை பின்னே என்னும் இம்முறையே அவர்களுடைய வெற்றிக்கு அடிப்படை.

எனினும் ஒரு குறை இருந்தது. சமஸ்தானத்து மக்களில் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியவர்கள். தெலுங்குக் குடியானவரின் மகனுக்கு ஆங்கிலத்தைப் போலவே உருதுவும் முயன்று கற்கவேண்டிய மொழிதான். அது அரசின் மொழி. அவன் வீட்டின் மொழியன்று. 1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. அதன்பின் பயிற்று மொழி ஆங்கிலமாக மாறியது.

இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவின் 1949-ஆம் ஆண்டு அறிக்கை, ஆங்கிலத்தின் இடத்தை இந்திய மொழி பெறவேண்டும் என்றது. மாணவர் ஆங்கில நூல்களைப் படிக்கும் ஆற்றலை இழக்கலாகாது என்றும் கூறியது. கற்பிப்பது வேறு, ஆராய்வது வேறு. பாடநூலை ஒருமுறை பெயர்த்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். ஆராய்ச்சிக் கட்டுரைகளோ நாள்தோறும் புதிதாக வந்து குவிகின்றன.

2022-இல் மத்தியப் பிரதேசம் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. இத்தகைய முயற்சிகள் பெருகுவது நன்றே. ஆயினும், அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் ஒரு கேள்வியை மறத்தலாகாது. வகுப்பறையில் ஒலிக்கும் மொழி, அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேருடைய தாய்மொழி? இக்கேள்விக்கு விடை காணாமல் இடப்படும் மொழி ஆணை, ஒருவர்க்குக் கதவைத் திறக்கும்போதே மற்றொருவர்க்கு அதனை அடைத்துவிடும்.