குறையிரைச்சல் மின்வழங்கி

ஒலிக்கருவிகளுக்கான குறையிரைச்சல் மின்வழங்கி என்பது, வீட்டிற்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை ஏற்ற இறக்கமும் இரைச்சலும் மிகக் குறைந்த நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் மின்னணுச் சுற்று ஆகும். இசைத்தட்டு ஊசி தரும் குறிகை சில மில்லிவோல்ட் மட்டுமே. முன்மிகைப்பி அதனைச் சுமார் நூறு மடங்கு பெருக்குகிறது. எனவே மின்வழங்கியில் உள்ள மிகச் சிறிய இரைச்சலும் ஒலிபெருக்கியில் கேட்கக்கூடியதாகிறது.

இரைச்சலின் மூலங்கள்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். முழு அலைதிருத்தி இதனைத் திருத்தும்போது, எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அமைகிறது. இது குற்றலை எனப்படும். ஆகவே, கேட்கும் உறுமலின் அதிர்வெண்ணைக் கொண்டே அதன் காரணத்தை ஓரளவு அறியலாம். 100 ஹெர்ட்ஸ் உறுமல் குற்றலையையும், 50 ஹெர்ட்ஸ் உறுமல் மின்மாற்றியின் காந்தப்புலத்தையோ தவறான புவியிணைப்பையோ சுட்டுகிறது. வளைய வடிவ மின்மாற்றியில் வெளிக்கசியும் காந்தப்புலம் குறைவு.

டயோடுகள் கடத்தலை நிறுத்தும் கணத்தில் உயர் அதிர்வெண் இரைச்சல் எழுகிறது. மின்னோடிகள் இயங்கித் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மின்கம்பி வழியாகத் துடிப்புகள் வருகின்றன. விருதுநகர்–சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களில், வீடுகளும் சிறு தொழிற்கூடங்களும் ஒரே பகிர்மான மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறக்கூடும். அங்கு மின் நுழைவாயிலில் வடிகட்டி பொருத்துவது நலம்.

அமைப்பும் கணக்கீடும்

மின்மாற்றி, அலைதிருத்தி, மின்தேக்கி, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். குற்றலையின் அளவை, மின்னோட்டத்தை 100 ஹெர்ட்ஸ், மின்தேக்கியின் கொள்ளளவு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்துப் பெறலாம். 0.1 ஆம்பியருக்கு 2200 மைக்ரோஃபாரடு பயன்படுத்தினால் குற்றலை ஏறத்தாழ 0.45 வோல்ட் ஆகும். கொள்ளளவை மிகையாகக் கூட்டினால், மின்தேக்கி குறுகிய, வலிய துடிப்புகளாக மின்னோட்டத்தை இழுக்கும். அதுவும் இரைச்சலுக்கு வழிவகுக்கும்.

எல்.எம்.317 என்னும் சீராக்கி 1970களில் ராபர்ட் டாப்கின் என்பவரால் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது. இதன் அடிப்படை மின்னழுத்தம் 1.25 வோல்ட். வெளியீட்டிற்கும் சரிசெய் முனைக்கும் இடையே 240 ஓம், சரிசெய் முனைக்கும் புவிக்கும் இடையே 2640 ஓம் மின்தடையங்களை இணைத்தால் 15 வோல்ட் கிடைக்கும். சரிசெய் முனையில் 10 மைக்ரோஃபாரடு மின்தேக்கி சேர்த்தால், குற்றலைத் தடுப்பு சுமார் 65 டெசிபெல்லிலிருந்து 80 டெசிபெல்லாக உயரும். எதிர் மின்னழுத்தத்திற்கு எல்.எம்.337 பயன்படுகிறது. 2015இல் வெளிவந்த எல்.டி.3042 சீராக்கியின் இரைச்சல் 1 மைக்ரோவோல்ட்டிற்கும் குறைவு.

மின்னழுத்தக் குறைவும் இன்வெர்ட்டரும்

சீராக்கி செவ்வனே இயங்க, உள்ளீடு வெளியீட்டைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருத்தல் வேண்டும். வீட்டு மின்னழுத்தம் 207 வோல்ட்டாகக் குறையும்போது, 15 வோல்ட் மின்மாற்றி குற்றலையின் அடிப்புள்ளியில் 17 வோல்ட் அளவே தரும். இது போதாது எனலாம். 18 வோல்ட் மின்மாற்றியில் இதே நிலையில் 20 வோல்ட்டிற்கு மேல் கிடைக்கும். மின்னழுத்தம் உயரும் வேளையில் 28 வோல்ட்டைத் தாண்டவும் கூடுமாதலால், 35 வோல்ட்டோ 50 வோல்ட்டோ தாங்கும் மின்தேக்கி தேவை.

2012இல் தமிழகத்தில், குறிப்பாகச் சென்னைக்கு வெளியே, நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. அக்காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இடம்பெற்றது. சைன் அலையில் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். சதுர அலையிலோ உச்சமும் 230 வோல்ட்டே. எனவே சதுர அலை இன்வெர்ட்டரில் 18 வோல்ட் மின்மாற்றி, டயோடு இழப்பு போக, ஏறத்தாழ 16.5 வோல்ட்தான் தரும். சீராக்கி தன் வேலையை இழக்க, இரைச்சல் நேராக மிகைப்பிக்குள் செல்லும். சைன் அலை இன்வெர்ட்டரைப் பயன்படுத்துவதோ, வெளியீட்டை 12 வோல்ட்டாக அமைப்பதோ இதற்குத் தீர்வாகும்.

பாதுகாப்பு

உறுமலை நிறுத்தும் பொருட்டுச் சிலர் மூன்று முனைச் செருகியின் புவி முனையைத் துண்டிப்பதுண்டு. இது உயிருக்கு ஆபத்தானது. மின்மாற்றியின் காப்பு பழுதடைந்தால் உலோகப் பெட்டியிலேயே 230 வோல்ட் நிற்கும். புவி முனை இணைந்திருந்தால் மட்டுமே உருகி எரிந்து மின்சாரம் துண்டிக்கப்படும். உறுமலைப் போக்க, சுற்றின் புவிக்கம்பிகள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதே முறையாகும். மின்தேக்கிகளை முனை மாற்றி இணைத்தால் அவை வெடிக்கக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அவற்றில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால், அதனை வெளியேற்றிய பிறகே சுற்றைத் தொட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

மின்மாற்றி
அலைதிருத்தி
மின்தேக்கி
மிகைப்பி